எழுதக் கற்பித்த புனிதர் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால்

பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரில், நீதிபதி ஒருவரின் மூத்த மகனாக 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் பிறந்தார் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். செல்வக் குடும்பம். பதினைந்தாம் வயதிலேயே பேராலயத்தில் கௌரவமும் வருமானமும் உள்ள கனோன் பதவி கிடைத்தது. இருபத்தொரு வயது நிறையுமுன் தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைய, தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. ஆயினும் படிப்பைக் கைவிடாமல் 1678இல் குருப்பட்டம் பெற்றார்.

தோழியரே, நாம் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆண் பிள்ளைகளின் ஆசிரியர் என்று உலகம் போற்றும் இவரைக் கல்விப் பணிக்குள் இழுத்து வந்தது ஒரு கன்னியர் சபையே! இவருடைய ஞான வழிகாட்டியான நிக்கோலாஸ் ரோலான் அடிகளார், ஏழைச் சிறுமியருக்குக் கற்பிக்க குழந்தை இயேசுவின் சகோதரிகள் சபையை நிறுவியிருந்தார். அவர் மரணப் படுக்கையில் அச்சபையை லசாலிடம் ஒப்படைத்துச் சென்றார். அந்த மடத்தின் வாசலில்தான் 1679இல், ஏழைச் சிறுவருக்குப் பள்ளி தொடங்க வந்த அதிரியான் நியெல் என்பவரை லசால் சந்தித்தார்.

முதலில் சிறு உதவி செய்வதே அவர் எண்ணம். அக்காலத்து ஆசிரியர்கள் பயிற்சியும் நாகரிகமும் இல்லாதவர்கள். தம் வேலைக்காரனுக்கும் கீழாகவே அவர்களை மதித்ததாக அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர்களை 1681இல் தம் வீட்டிலேயே குடியேற்றினார். உறவினர் வெகுண்டனர். கடவுளை நம்புங்கள் என்று அவர் சொல்ல, சொத்தும் பதவியும் உள்ளவர் அப்படிச் சொல்வது எளிது என்று ஆசிரியர்கள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டனர். அது நியாயமான கேள்விதானே? 1683இல் கனோன் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தையெல்லாம் ஏழைகளுக்கு ரொட்டியாகப் பகிர்ந்தளித்தார்.

1688இல் பாரிசுக்குச் சென்றார். அந்நாளில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாக அருகில் அழைத்துப் பாடம் சொல்வார். மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். லசாலின் வகுப்பிலோ எல்லார் கையிலும் ஒரே புத்தகம். ஒருவன் வாசிக்க, மற்றவர் கண்ணால் தொடர வேண்டும். புரியாத இலத்தீனில் தொடங்கும் வழக்கத்தை விட்டு, தாய்மொழியான பிரெஞ்சிலேயே முதலில் வாசிக்கக் கற்பித்தார்.

அனுபவமிக்க சகோதரர்களோடு பல ஆண்டுகள் கலந்து பேசி, வகுப்பில் செய்து பார்த்து, ஆசிரியர்களுக்கென ஒரு கைந்நூலை உருவாக்கினார். கிறிஸ்தவப் பள்ளிகளின் நடைமுறை என்பது அதன் பெயர். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கைப்படி 1706ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் எழுத்துப் பயிற்சிக்குத் தந்திருக்கும் இடத்தைக் கண்டால் வியப்பு உண்டாகும். நன்றாக வாசிக்க வந்த பிறகே எழுத்து. உடல் நிமிர்ந்திருக்க வேண்டும். இறகுப் பேனாவைப் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பேனா பருமனுள்ள ஒரு குச்சி; மூன்று விரல்களும் எங்கே பதிய வேண்டுமென்று அதில் மூன்று வெட்டுகள். அகரவரிசையில் தொடங்காமல், மற்ற எழுத்துகளை உருவாக்க உதவும் சில எழுத்துகளையே முதலில் பக்கம் பக்கமாக எழுதிப் பழக வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவரின் அருகிலும் சென்று திருத்துவார். நம் காப்பி நோட்டில் சிவப்பு மை விழுவது போலத்தான்!

அழகிய கையெழுத்தோடு அவர் நிற்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தேர்ந்த மாணவர்கள் ரசீது, கடன் பத்திரம், குத்தகை ஒப்பந்தம் ஆகியவற்றைப் பார்த்தெழுதி, பிறகு தாமாகவே எழுதிக் காட்ட வேண்டும். ஞானோபதேசத்தில் கேட்டதை நினைவிலிருந்து எழுத வேண்டும். தச்சன் மகன் பிறர் நீட்டிய தாளில் கண்ணை மூடிக் கொண்டு கைநாட்டு வைக்காமல் இருக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. பாரிசில் எழுத்துக் கற்பிக்கும் உரிமை எழுத்தாசான்களின் சங்கத்துக்கே இருந்தது. கட்டணம் வாங்கிப் பிழைத்த அவர்களுக்கு, இலவசமாகக் கற்பிக்கும் பள்ளி இடையூறாயிற்று. அவர்கள் பிழைப்பும் பிழைப்புதான். 1704இல் லசாலின் பள்ளிப் பொருள்கள் பறிமுதலாயின; நீதிமன்றம் அபராதம் விதித்தது; 1706இல் மேல் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. ஆயினும் பிற நகர்களில் சகோதரர்களின் பள்ளிகள் பெருகின.

1719ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, ருவான் நகரில் இறைவனடி சேர்ந்தார். கைப்படிகளாகவே வழங்கிவந்த அவருடைய நூல், மறு ஆண்டு அவிஞோன் நகரில் அச்சேறியது. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1900இல் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 12ஆம் பத்திநாதர் 1950இல் இவரை ஆசிரியர்கள் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.