எண்ணெயில் விழுந்த தண்ணீர்!

விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடியில் ஊறுகாய் போட்டு வைத்திருக்கும் பாட்டி, ஈரக் கரண்டியைக் கிட்டே கொண்டுவர விடமாட்டாள். எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பண்டம் கெட்டுவிடும்!

ஆனால், எண்ணெயில் தண்ணீர் புகுந்ததால் மருந்து கிடைத்த கதையும் உண்டு.

அந்த மருந்தைத் தந்தவர் பெர்சி ஜூலியன். அமெரிக்கக் கறுப்பர். 1899-ம் ஆண்டு, அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தாத்தா, அடிமையாக இருந்தவர். தந்தை, ரெயில்வே தபால் குமாஸ்தா.

பரண் மேல் படிப்பு

அந்த ஊரில், கறுப்பர் பிள்ளைகளுக்கு சர்க்கார் உயர்நிலைப்பள்ளி கிடையாது. இருந்தாலும் ஜூலியன், இந்தியானா மாநிலத்தில் டிபா கல்லூரியில் போய்ச் சேர்ந்தார்.

பகலில் கல்லூரிப் பாடம். அதோடு, விட்டுப்போன பள்ளிக்கூடப் பாடம். வெள்ளைக்கார மாணவர்களின் விடுதியில் அடுப்புக்குக் கரி போட்டார், சாப்பாடு பரிமாறினார். படுக்கை, அதே வீட்டின் பரண் மேல்!

1920-ல், வகுப்பிலேயே முதல் மாணவராகத் தேறினார்.

1931-ல் வியன்னாவில் டாக்டர் பட்டம் பெற்றார். 1935-ல், கண் நோய்க்கான "பைசோஸ்டிக்மின்" மருந்தை ரசாயனக் கூடத்திலேயே செய்து காட்டினார். ஆக்ஸ்போர்டு நிபுணர் ராபர்ட் ராபின்சன், அதற்கு வேறு வழி சொல்லியிருந்தார். அது தவறு என்றார் ஜூலியன். சரியாக இருந்தது யார்? ஜூலியன்தான்!

அப்படியும் டிபா கல்லூரி அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. காரணம், தோலின் நிறம்.

1936-ல், சிகாகோவில் கிளிடன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

வெள்ளைக் கசடு

ஒரு நாள், கம்பெனியின் பெரிய தொட்டியில் தண்ணீர் கசிந்துவிட்டது. உள்ளே இருந்தது ஒரு லட்சம் காலன் சோயா எண்ணெய்! அடியில் வெள்ளையாக ஏதோ படிந்து கிடந்தது. எண்ணெய் பாழ் என்று எல்லோரும் பதறினார்கள்.

ஜூலியனுக்கோ சந்தோஷம்! அந்தக் கசடு, அவர் தேடிக்கொண்டிருந்த "ஸ்டிக்மாஸ்டெரால்". அதிலிருந்து "புரோஜெஸ்டிரோன்" தயாரித்தார். பெண்களின் கருவைக் காக்கும் ஹார்மோன் அது. "ஸ்டிராய்டு" இனத்தைச் சேர்ந்தது. முன்பெல்லாம் ஆயிரக்கணக்கான பன்றிகளின் சினைப்பைகளை அரைத்தாலும், ஒரு சிட்டிகைகூடத் தேறாது. ஜூலியனோ, சோயா விதையிலிருந்து ஏராளமாகச் செய்தார்.

வீட்டுக்குத் தீ!

புகழ் வந்தது. ஓக் பார்க் என்ற ஊரில் வீடு வாங்கினார். 1950 நவம்பரில், குடிபோகும் முன்பே அந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள். மறுவருடம், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது வெடி வீசினார்கள். நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. ஜூலியன் ஊரைவிட்டு ஓடவில்லை. துப்பாக்கியுடன், இரவு முழுவதும் மகனோடு காவல் இருந்தார்!

1975-ல் காலமானார்.

மூளைக்கும் உண்டு

அதன் பிறகு ஓர் அதிசயம் தெரிந்தது. புரோஜெஸ்டிரோனை, மூளையும் நரம்புகளும் தாமே தயாரிக்கின்றன! ஆணின் மூளையும்தான்.

தலையில் அடிபட்டால் மூளை வீங்கும். மண்டை ஓட்டுக்குள் இடம் ஏது? வீக்கம் அழுத்தி, தப்பித்த உயிரணுக்களும் சாகும். அடிபட்ட எலிகளுக்கு இந்த ஹார்மோனைக் கொடுத்தார்கள். வீக்கம் குறைந்தது. மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல, நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அறுந்த உறை மீண்டும் வளரவும் இது உதவியது.

மனிதருக்கு? 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம், இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. 2014-ல் முடிவு வெளியாயிற்று. வெறும் மருந்து பெற்றவர்களைவிட, இவர்கள் கூடுதலாகக் குணம் அடையவில்லை! எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கவில்லை. ஸ்டிராய்டு இனத்தின் வேறொரு மருந்தோ, தலைக்காயத்தில் சாவைக் கூட்டியதாக 2004-லேயே தெரிந்துவிட்டது. ஆகவே, டாக்டரைக் கேட்காமல் யாரும் இவற்றைத் தொடக்கூடாது.

ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. புரோஜெஸ்டிரோனை மூளை வேறொரு பொருளாக மாற்றிக்கொள்கிறது. அந்தப் பொருளையே மருந்தாக்கி, பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் வாடும் தாய்மார்களுக்கு ஊசி வழியே செலுத்த, 2019-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது.