ஒரு சொல்லைத் தேடிய சிறுவன் – பிரெடரிக் டக்ளஸ் வரலாறு

தாம் பிறந்த நாளை அறியாமலே வாழ்ந்து, உலகம் போற்றும் பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்தவர் பிரெடரிக் டக்ளஸ். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமைத் தாய்க்கு மகனாகப் பிறந்தமையால் அவரும் பிறப்பிலேயே அடிமையானார். ஆண்டையின் கணக்கேட்டைக் கொண்டு, அவர் பிறந்தது 1818ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் என்று ஆராய்ச்சியாளர் பிற்காலத்தில் கண்டறிந்தனர். தாயார் ஹேரியட் பெய்லி பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள வேறொரு பண்ணையில் பாடுபட்டவர். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் நடந்து வந்து மகனைக் கண்டு, பொழுது விடியுமுன் திரும்பிவிடுவார். அவ்வாறு அவரைப் பிரெடரிக் கண்டது நான்கைந்து முறையே. ஏழு வயதளவில் அத்தாயையும் இழந்தார்.

எட்டு வயதளவில் அவர் பால்டிமோர் நகருக்கு, ஹியூ ஆல்டு என்பவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வீட்டுத் தலைவி சோபியா, அடிமைகளை வைத்து ஆண்டு பழகாதவர், இளகிய மனத்தினர். அவர் சிறுவனுக்கு ஆங்கில நெடுங்கணக்கைக் கற்பித்தார். மூன்று நான்கு எழுத்துச் சொற்களையும் எழுத்துக்கூட்டக் காட்டினார். இதனை அறிந்த ஹியூ ஆல்டு உடனே தடுத்தார். படித்த அடிமை, அடிமையாக இரான் என்பது அவர் தம் மனைவிக்குக் கூறிய காரணம். அக்காலத்தில் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றமாகவும் இருந்தது.

அருகிருந்து கேட்ட சிறுவனுக்கு அத்தடையே பெரும் பாடமாயிற்று. ஆண்டை எதற்கு இத்துணை அஞ்சுகிறாரோ, அதுவே தமக்கு விடுதலை தருவது என்று அவர் துணிந்தார். கற்பித்த அம்மையாரும் நாளடைவில் மாறினார். சிறுவன் கையில் செய்தித்தாளைக் கண்டாலே சினந்து பறிக்கலானார். ஆயினும் அவர் சோரவில்லை. கடைகண்ணிக்கு அனுப்பும்போது வீட்டிலுள்ள ரொட்டியை மறைத்து எடுத்துச் சென்று, தெருவில் பசித்துத் திரிந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பாடம் கற்றார். பன்னிரண்டு வயதளவில், சிறுகச் சேர்த்த ஐம்பது சென்ட் காசில் ‘கொலம்பியன் ஆரேட்டர்’ என்னும் சொற்பொழிவுத் தொகுப்பு நூலை வாங்கினார். அதில் ஓர் ஆண்டைக்கும் அடிமைக்கும் நடக்கும் உரையாடலைப் பன்முறை படித்தார்.

இந்நிலையில் ஒரு சொல் அவர் காதில் விழலாயிற்று. ‘அபாலிஷன்’ என்பது அச்சொல். அதன் பொருளை அவர் அறியார். ஆனால், அது வழங்கிய இடங்களை ஊன்றிக் கவனித்தார். ஓர் அடிமை தப்பியோடினால் அச்சொல் பேசப்பட்டது. ஓர் அடிமை ஆண்டையைக் கொன்றாலும், களஞ்சியத்துக்குத் தீயிட்டாலும் அச்சொல்லின் விளைவு என்றே வெள்ளையர் வெகுண்டு பேசினர். ஆகவே, இச்சொல் தம் வாழ்வைத் தொடுவது என்று சிறுவன் உய்த்துணர்ந்தார்.

பின்னர் அகராதியைப் புரட்டினார். ஒழிக்கும் செயல் என்று மட்டுமே அதில் கண்டது. எதனை ஒழிப்பது? அதற்கு அகராதி விடை கூறவில்லை. யாரையேனும் கேட்கலாம் என்றாலோ, ஆண்டைமார் அஞ்சும் சொல்லை ஓர் அடிமைச் சிறுவன் வாயெடுத்துக் கேட்பது பேரிடரை வரவழைக்கும். எனவே அவர் பொறுமையுடன் காத்திருந்தார். ஒருநாள் நகரச் செய்தித்தாள் ஒன்று கைக்குக் கிட்டியது. தலைநகரப் பகுதியாகிய கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையையும், மாநிலங்களுக்கிடையே நடக்கும் அடிமை வாணிகத்தையும் ஒழிக்க வேண்டி வட மாநில மக்கள் அனுப்பிய விண்ணப்பங்களைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. அச்சொல் அங்கே அடிமை முறை என்னும் சொல்லோடு சேர்ந்து நின்றது. அகராதி விட்ட இடம் நிரம்பியது. தம்மைப் போன்றோரின் தளையை அறுக்க உழைப்போர் நாட்டில் இருக்கின்றனர் என்னும் செய்தியும் அச்சொல்லின் வழியாகவே அவருக்கு எட்டியது.

எழுதக் கற்ற விதமும் இத்தகையதே. கப்பல் கட்டும் துறையில் தச்சர்கள் மரத்துண்டின்மீது ‘எல்’ என்று எழுதினால் அது கப்பலின் இடப்பக்கத்துக்கு உரியது. ‘எஸ்’ என்றால் வலப்பக்கத்துக்கு உரியது. எழுத்தையும் அம்மரம் சென்று சேரும் இடத்தையும் ஒப்பிட்டு அவர் குறிகளை அறிந்தார். வேலிப் பலகையும் செங்கற் சுவரும் நடைபாதையுமே அவருக்கு ஏடுகள், சுண்ணக்கட்டியே எழுதுகோல்.

1835ஆம் ஆண்டில், கிராமப் பண்ணை ஒன்றில் உழைத்தபோது, ஞாயிறுதோறும் உடன்உழைக்கும் அடிமைகளை ஒன்றுகூட்டி மறைவாகப் பள்ளி நடத்தினார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் பயின்றனர். கண்டுபிடிக்கப்பட்டால் கசையடி என்பதை அறிந்தே வந்தனர். 1838 செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமி உடையணிந்து, பிறரிடம் இரவல் பெற்ற சான்றுத்தாளுடன் இரயிலேறித் தப்பி நியூயார்க் சேர்ந்தார். 1845இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1847இல் ‘நார்த் ஸ்டார்’ என்னும் செய்தித்தாளைத் தொடங்கினார். உள்நாட்டுப் போரில் அவர்தம் மைந்தர் இருவர் கறுப்பினப் படையில் சேர்ந்து பணிபுரிந்தனர்.

1862இல் கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1865இல் நாடெங்கும் ஒழிந்தது. எந்த மாவட்டத்தைப் பற்றிய விண்ணப்பச் செய்தியில் அச்சொல்லின் பொருளைக் கண்டாரோ, அதே மாவட்டத்தின் மார்ஷல் என்னும் உயர் அலுவலராக 1877இல் அவர் அமர்த்தப்பட்டார். 1895 பெப்ரவரி 20ஆம் நாள் வாஷிங்டனில் மறைந்தார். அவர் போராடிய அவ்விடுதலை நம் நாட்டிலும் எதிரொலித்தது. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே உரிமையாக்கினார்.

இளைஞர்களே, இவ்வரலாற்றில் படிக்கும் முறை ஒன்று அடங்கியுள்ளது. அறியாத சொல் எதிர்ப்பட்டால் அதனைத் தாண்டிச் செல்லாதீர். முதலாவது, அச்சொல் எவ்விடத்தில், யாரால், எத்தகைய உணர்ச்சியோடு வழங்கப்படுகிறது என்று பாருங்கள். இரண்டாவது, அதன் அருகே நிற்கும் சொற்களைக் கவனியுங்கள். மூன்றாவது, அகராதியை நாடுங்கள். அங்கும் நிறைவு பெறாவிடில் எஞ்சிய ஐயத்தை ஒரு வினாவாக மனத்தில் வைத்திருங்கள். இறுதியாக, கண்ட பொருளை முன்பு கேட்ட இடங்களில் பொருத்திச் சரி பாருங்கள். எல்லா இடத்திலும் பொருந்தினால்தான் அது மெய்ப்பொருள்.

நம் ஊர்ச் சொல் ஒன்றையே சான்றாகக் கொள்வோம். புறம்போக்கு என்னும் சொல்லை நம் பிள்ளைகள் பலர் வசைமொழியாகவே கேட்டிருப்பர். அதனைப் பிரித்தாலும் புறம், போக்கு என நிற்குமேயன்றித் தெளிவு பிறவாது. ஆனால் நத்தம் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்று நிலப் பதிவுகளில் வருவனவற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்று குடியிருப்பு, மற்றொன்று மேய்ச்சல் வெளி, பிறிதொன்று நீர்நிலை. எதுவும் தனியொருவர் பட்டா நிலமன்று. தீர்வைக்குப் புறம்பாக ஊர்ப் பொதுவுக்கு விடப்பட்ட நிலம் என்பது தானே விளங்கும். வசை என்று நாம் நாணி ஒதுக்கிய சொல், நம் குடிசை நிற்கும் மண்ணின் வழக்கையே தீர்மானிக்கும் சொல்லாக இருக்கலாம். அவ்வாறே, ஆட்சேபணை என்னும் ஒரு சொல் புரியாமல் அறிவிப்புத்தாளைக் கூரையில் செருகிவைத்தால், கெடு கடந்த பின் உரிமையும் கடந்துவிடும்.

சொல்லறியாதவர் பிறர் சொல்வதை நம்பியே வாழ நேரும். நம் முன்னோர்க்கு எழுத்து மறுக்கப்பட்டதன் உட்பொருளும் அதுவே. டக்ளசுக்கு ஆசிரியர் இல்லை, நூலகம் இல்லை, ஐயம் கேட்கவும் துணிவில்லாத சூழல். நமக்கோ பள்ளியுண்டு, அகராதியுண்டு, கேட்டால் விளக்க மூத்தோர் உண்டு. கால் நூற்றாண்டாக நம் சங்கம் கட்டி வளர்த்தது இவ்வாய்ப்பையே. நாளொன்றுக்கு ஒரு புதுச்சொல்லைக் குறித்து, அதன் பொருளை முதலில் நீங்களே உய்த்துணர்ந்து, பின்பு சரிபாருங்கள். அறிந்ததை வீட்டிலுள்ள எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்க்கு எடுத்துரையுங்கள். அதுவே இவ்வெள்ளி விழாவிற்கு நீங்கள் செய்யும் சிறப்பாகும்.