தலக்குளத்து வேலுத்தம்பித் தளவாய்

விளவங்கோடு, கல்குளம் என்னும் இரு தாலுகாக்களும் பழங்குடிகளின் பெருவீடுகளுக்குப் பேர்போனவை. வயலும் தென்னந்தோப்பும் சூழ, நெற்களமும் களஞ்சியமும் குளமும் காவும் கொண்டு, ஒவ்வொரு வீடும் ஒரு சிற்றூர்போல் விளங்கிற்று. நம் அருமனையின் பெயரும், திருவட்டாறு, வடசேரி என்னும் ஊர்களின் பெயரும், திருவிதாங்கூர் மன்னர்தம் மனைவியர் குடும்பங்களாகிய அம்மவீடுகளுக்கு வழங்கியமை இந்நிலத்துக் குடிகளின் பெருமைக்குச் சான்றாம். அத்தகைய பெருவீடு ஒன்றிற் பிறந்து, நாட்டின்பொருட்டு அவ்வீட்டையே இழந்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இரணியலை அடுத்த தலக்குளத்து வலியவீட்டில், வள்ளியம்மை தங்கச்சி என்பார்க்கு 1765-ஆம் ஆண்டில் வேலாயுதன் தம்பி பிறந்தார். செண்பகராமன் பட்டம் பெற்றது அக்குடி. அவர் இரணியலிற் காரியக்காரராய் இருந்த காலத்து, பாலராமவர்ம மகாராசாவின் அமைச்சராகிய சயந்தன் நம்பூதிரி, செல்வர்களை அழைத்துக் கட்டாயமாகப் பொருள் வாங்கலாயினர். 1799-இல் தம்பிக்கும் அழைப்பு வந்தது. அவர் மூன்று நாள் தவணை பெற்று ஊர் மீண்டு, நாஞ்சில் நாட்டு மக்களைத் திரட்டிக்கொண்டு தலைநகர் சென்றார். அமைச்சர் நீக்கப்பெற்றார்.

சில ஆண்டுகளுள் தம்பியே தளவாயாயினார். நிலங்களைக் கண்டெழுதுவித்தார், ஊர்தோறும் சென்று வழக்குக் கேட்டார். தம் தாயாரின் நிலவரியைக் குறைத்தெழுதிய கணக்கரின் விரலைத் தறிப்பித்தார் என்றொரு செவிவழிக் கதை உண்டு. தம் வீட்டுக்கும் பிறர் வீட்டுக்கும் ஒரே கோல் பிடித்தவர் என்று மக்கள் அவரை மதித்தமை இக்கதையால் விளங்கும். எனினும் அவருடைய கடுமை சிலபோது அளவு கடந்ததென்பதை மறைத்தல் நேர்மையன்று.

1805-இல் ஆங்கிலக் கும்பினியாருடன் உடன்படிக்கை செய்தவரும் அவரே. ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய் கப்பம் என்பது நாட்டுக்குத் தாங்கொணாப் பாரமாயிற்று. ரெசிடெண்டு மெக்காலேயின் நெருக்குதலும் மிக்கது. 1809 ஜனவரி 11-ஆம் நாள் குண்டறையில் விளம்பரம் வெளியிட்டுக் குடிகளைப் போருக்கு அழைத்தார். பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை வீழ்ந்தது. தம்பி மண்ணடிக்கு ஒதுங்கி, பகைவர் கையிற் படாது உயிர்நீத்தார். அவர் உடலைக் கண்ணன்மூலையிற் கட்டித் தூக்கிக் காட்சிப்படுத்தினர். கும்பினியின் கவர்னர் ஜெனரலாகிய மிண்டோப் பிரபுவே இச்செயலைக் கண்டித்தார்.

தலக்குளத்து வீடும் தப்பவில்லை. அதனை இடித்துத் தரைமட்டமாக்கி, அவ்விடத்தில் வாழையும் ஆமணக்கும் நட்டனர். சுற்றத்தார் நாடு கடத்தப்பெற்றனர். ஆயினும் தலக்குளம் என்றதும் அவர் பெயரே இன்றும் நாவில் வருகின்றது. திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்தின் முன் அவர் சிலை நிற்கின்றது.

அன்பர்காள்! அவ்வீட்டை இடித்தவர் பகைவர். நம் காலத்திலோ, பாகவழக்காலும் பராமுகத்தாலும் பழவீடுகளை நாமே இடித்து வருகின்றோம். மரத்தையும் கல்லையும் காத்தல் எல்லார்க்கும் இயலாது. மூத்தோர் பெயரையும் செயலையும் கேட்டு எழுதிவைத்தலும், பரணில் கிடக்கும் ஓலைச்சுவடிகளைச் செல்லரிக்காமற் போற்றுதலும் யாவர்க்கும் இயலும். பெரியோர் உயிரோடிருக்கும்போதே இதனை இளைஞர் மேற்கொள்வாராக.