கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்த அட்மிரல்

ப்ராடக்ட் மேனேஜர் என்று விசிட்டிங் கார்டு போட்டுக்கொண்டு நம் கல்லூரிக்காரர்கள் எத்தனையோ பேர் ஊர் ஊராகத் திரிகிறோம். நானும் ஒருத்தன். கம்பெனிகள் வாங்கும் சாஃப்ட்வேரில் என்ன இருக்கணும், யாருக்காக இருக்கணும் என்று தீர்மானிக்கிற வேலை. அந்தப் பதவிப் பெயர் கம்ப்யூட்டர் உலகத்துக்கு வரும் முன்பே அந்த வேலையைச் செய்துவிட்டுப் போனவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

பிறந்தது 1906, நியூயார்க். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். வாசர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படைக்குக் கிளம்பினார். வயது முப்பத்தேழைத் தொட்டிருந்தது, எடையும் போதவில்லை. ஆனாலும் அனுமதி வாங்கிச் சேர்ந்துவிட்டார். 1944இல் ஹார்வர்டில், 51 அடி நீள மார்க் 1 இயந்திரத்தில் போட்டார்கள். ரிலேயில் மாட்டிய பூச்சியை 1947இல் லாக் புத்தகத்தில் ஒட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். அதைக் கண்டுபிடித்தவர் இவரில்லை, சுவையாகச் சொல்லிப் பரப்பியவர்தான். அதை விடுவோம்.

முக்கியமான கட்டம் 1949க்கு அப்புறம். எக்கர்ட்-மாக்லி கம்பெனியில் சேர்ந்தார். மறு வருஷமே அதை ரெமிங்டன் ராண்ட் வாங்கிக்கொண்டது. யுனிவாக் இயந்திரத்தை வாங்கியவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமில்லை. 1954இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி லூயிவில் ஆலையில் சம்பளப் பட்டியல் போடவே அதை வைத்தது. ஆனால் புரோகிராம் எழுதுவதோ எண்களும் குறியீடுகளுமாக, கணிதக்காரர்களுக்கு மட்டும் புரிகிற பாஷையில். ஸ்டோர்ஸ் கணக்கு பார்க்கிறவர் அதை எப்படிப் படிப்பார்?

ஹாப்பர் 1952இல் முதல் கம்பைலரை ஓட்டிக் காட்டினார். கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும், புரோகிராம் எழுதாது என்று பலர் நம்பவே இல்லை. அடுத்து வந்த ஏ-2 கம்பைலரை 1953இல் வாடிக்கையாளர்களிடம் மூலப் புரோகிராமோடயே கொடுத்து, திருத்தம் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டார். இன்றைக்கும் அதைச் செய்யப் பயப்படுகிற கம்பெனிகள் உண்டு, பேர் வேண்டாம்!

பிறகுதான் பெரிய சண்டை. வியாபாரக் கணக்கை இங்கிலீஷ் வார்த்தைகளிலேயே எழுதலாம் என்றார். மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மையார் டெமோ தயார் செய்தார். இங்கிலீஷில் ஒரு சின்ன புரோகிராம். அதையே பிரெஞ்சிலும் ஜெர்மனிலும். இயந்திரத்துக்கு எந்த பாஷையும் வெறும் அடையாளம்தான் என்று காட்டுவது அவர் எண்ணம். மேலதிகாரிகளோ பதறிவிட்டார்கள்: அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டருக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும்? டெமோவில் ஒன்றைக் கூடுதலாகக் காட்டி மாட்டிக்கொள்வது நமக்கு மட்டும் நடப்பதில்லை என்று எனக்கு ஒரு ஆறுதல். இங்கிலீஷ் மட்டும்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுமதி கிடைத்தது. அப்படி வந்ததுதான் ஃப்ளோமேட்டிக்.

1959 மே மாதம் பென்டகனில் கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களும் வாங்குகிறவர்களும் கூடினார்கள். ஒவ்வொரு கம்பெனி இயந்திரத்துக்கும் தனித்தனி பாஷை என்றால், இயந்திரத்தை மாற்றும்போதெல்லாம் புரோகிராமையும் திரும்ப எழுதணும். வாங்கினவன் தலையில்தான் அந்தச் செலவு. பிறந்தது கோபால். (வீட்டில் சொன்னால் யாரோ தெரிந்த பையன் என்று நினைப்பார்கள்.) எழுதியது ஜீன் சாமெட் போன்றவர்கள் இருந்த ஒரு குழு, ஹாப்பர் ஆலோசகர். ஆனால் அடிப்படை பெரும்பாலும் ஃப்ளோமேட்டிக்தான். 1960 டிசம்பரில் ஒரே புரோகிராம் ஆர்சிஏ இயந்திரத்திலும் யுனிவாக்கிலும் ஓடியது. 1998, 99இல் ஒய்2கே வேலைக்கென்று விமானம் ஏறிய நம் சீனியர்கள் உட்கார்ந்து திருத்தியதில் பெரும்பங்கு இந்தக் கோபால்தான்.

1966இல் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. மறு வருஷமே, கோபாலை ஒழுங்குபடுத்த ஆறு மாதம் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அந்த ஆறு மாதம் பத்தொன்பது வருஷம் நீண்டது! ஆபீஸில் கடிகாரம் இடப்பக்கமாகச் சுற்றும். சேட்டிலைட் வழியாகச் செய்தி வர ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிற அட்மிரல்களுக்கு ஒரு நானோசெகண்ட் என்று சுமார் 30 சென்டிமீட்டர் ஒயரை எடுத்துக் கொடுப்பார், அவ்வளவு நேரத்தில் மின்சாரம் அதிகபட்சம் போகும் தூரம். இங்கிருந்து சேட்டிலைட்டுக்கு இந்த மாதிரி எத்தனை துண்டு வேணும் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்பார்.

1986இல் 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வுபெற்று, உடனே டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி முதல் தேதி காலமானார்.