மர நிழலிலிருந்து மண்டபம் வரை: சென்னைத் துடுப்பாட்டத்தின் தந்தை புச்சி பாபு நாயுடு

மருதனார்மடச் சந்தியைக் கடந்து போகிறவர்கள் இராமநாதன் கல்லூரியைப் பாராமற் போக முடியாது. பெண்பிள்ளைகளின் கல்விக்கென்று 1913 ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தமது செல்வத்தை அந்த மண்ணில் இட்டார். 1930 இல் அவர் மறைந்தார். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ வீட்டுப் பெண்பிள்ளைகள் அந்த வாசலால் நுழைந்து அறிவு பெற்று வெளியே வந்திருக்கிறார்கள். செல்வந்தர் ஒருவர் போன பின்பு அவர் செல்வத்தில் எஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு அந்தக் கட்டடம் ஒரு விடை சொல்லிக்கொண்டு நிற்கிறது.

இராமநாதன் இளமையில் கல்வி கற்றது சென்னைப் பட்டினத்தில். அதே பட்டினத்தில், அவருக்குப் பதினேழு வயது இளையவராகப் பிறந்த இன்னொரு செல்வரும் இதே கேள்விக்கு வேறொரு வகையில் விடை தந்தார். அவர் கல்லூரி கட்டவில்லை. ஒரு விளையாட்டு அணியைக் கட்டினார். எங்கள் இளைஞர் பலர் அவருடைய பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் துடுப்பாட்டத்தை விரும்பும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

துபாஷியின் வீட்டுப் பிள்ளை

மொதவரப்பு வெங்கட மகிபதி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். புச்சி பாபு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். ஊரும் உலகமும் அவரை அந்தப் பெயராலேயே அறிந்தன. 1868 ஆம் ஆண்டிலே பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் அவரைத் தத்தெடுத்து வளர்த்தார்.

அந்தப் பாட்டனார் பாரி கொம்பனியின் துபாஷியாக இருந்தவர். இரு பாஷை அறிந்தவர் என்பதே துபாஷி என்ற சொல்லின் பொருள். வெள்ளைக்கார வர்த்தகர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையில் நின்று, பேச்சை மொழிபெயர்த்து, கொள்முதலையும் விற்பனையையும் முடித்துக் கொடுப்பவர் துபாஷி. முதலீட்டுக்குப் பணம் புரட்டிக் கொடுப்பதும், ஆளுக்கு ஆள் பிணை நிற்பதும் அவர் வேலையே. 1788 இல் சென்னைக்கு வந்த தோமஸ் பாரி என்பவரின் பெயரைத் தாங்கிய கொம்பனி அது. சென்னைக்குப் போய்வந்த எங்கள் மக்கள் பாரிமுனை என்று சொல்லும் இடம் அந்தக் கொம்பனியால் பெயர் பெற்றதே. அத்தகைய கொம்பனிக்குத் துபாஷியாக இருந்த குடும்பத்தில் பணத்துக்குக் குறைவிருக்கவில்லை. மயிலாப்பூரில் லஸ் பகுதியிலே விசாலமான வளவுக்குள் அவர்களுடைய மாளிகை இருந்தது.

பிள்ளைகளை வளர்ப்பதற்கு ஆங்கிலத் தாதியர் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்கள் மாலை வேளைகளில் பிள்ளைகளைச் சேப்பாக்கம் மைதானப் பக்கம் கூட்டிச் செல்வார்கள். அங்கே வெள்ளைக்காரத் துரைமார் துடுப்பும் பந்துமாக ஆடுவதைக் கண்ட சிறுவனின் மனம் அந்த ஆட்டத்தில் ஒட்டிக்கொண்டது. குதிரைச் சவாரியிலும் ரென்னிஸ் ஆட்டத்திலும் அவருக்கு விருப்பம் இருந்தாலும், முதலிடம் பிடித்தது துடுப்பாட்டமே.

வேலிக்கு அப்பால்

சேப்பாக்கம் மைதானம் மதராஸ் கிரிக்கெற் கழகத்தின் கையில் இருந்தது. 1846 இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் 1865 அளவில் சேப்பாக்கத்துக்கு வந்து, அங்கே பவிலியன் என்னும் ஆட்டக்காரர் மண்டபத்தையும் எழுப்பிக்கொண்டது. வெள்ளையருக்கு மாத்திரமே அங்கத்துவம். உள்நாட்டவர் புல் வெட்டலாம், உருளை இழுக்கலாம், எல்லைக்கு வெளியே போன பந்தை எடுத்துக் கொடுக்கலாம். அங்கத்தவராக மண்டபத்தின் படி ஏற முடியாது. பட்டம் பெற்றவராயினும் பணம் படைத்தவராயினும் சட்டம் ஒன்றே.

புச்சி பாபு விரும்பியிருந்தால் வேறு வழியிற் போயிருக்கலாம். அவருடைய குடும்பம் வெள்ளைக்காரரோடு நெருங்கிப் பழகிய குடும்பம். துரைமாருக்கு விருந்து வைத்து, அவர்களுடைய தயவில் தனக்கு மாத்திரம் ஒரு கதிரை வாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம். அக்காலத்துத் தனவந்தர் பலர் செய்தது அதுதான். அவர் அதைச் செய்யவில்லை. ஒருவனுக்கு மட்டும் திறக்கும் கதவு மற்றவர்களுக்கு மூடிய கதவே என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

1888 ஆம் ஆண்டில், இருபது வயதளவில், மதராஸ் யுனைற்றெட் கழகத்தை அவர் தொடங்கினார். கோட்டைக்கு அருகே எஸ்பிளனேட் என்னும் வெளியிலே மைதானம் அமைந்தது. நகரத்தின் இளைஞர்களைத் தேடிச் சேர்த்தார். அந்நாட்களில் எங்கள் நாட்டவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, குடுமியோடும் வெறுங்காலோடும் துடுப்பாட்டம் ஆடினர் என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். துடுப்பும் காற்காப்பும் சீமைச் சாமான்கள். சம்பளக்காரர் ஒருவரால் எளிதில் வாங்க முடியாத விலை. புச்சி பாபு தமது பணத்தில் அவற்றை வாங்கிக் கொடுத்தார். கொடுத்ததோடு நின்றுவிடாமல், தாமே களத்தில் இறங்கி அவர்களைப் பழக்கினார். அவரும் திறமையான துடுப்பாட்டக்காரர். அடித்தாடுவதில் வல்லவர் என்று பெயர் பெற்றவர்.

ஒரு வேளைச் சாப்பாட்டின் கதை

அணி வளர்ந்தது. வெள்ளைக்காரர் கழகத்தோடு மோதும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் சேப்பாக்கத்தில் ஆடப் போனபோதுதான் அவமானம் காத்திருந்தது. மதிய வேளையில் துரைமார் மண்டபத்துக்குள் மேசை போட்டுச் சாப்பிடுவார்கள். அவர்களோடு சரிக்குச் சரியாக ஆடிய எங்கள் நாட்டவர் மைதானத்து ஓரத்தில் மர நிழலில் இருந்து சாப்பிட வேண்டும். களத்தில் எதிராளி, களத்துக்கு வெளியே தீண்டத்தகாதவன்.

புச்சி பாபு இதைப் பொறுத்துக்கொள்ள மறுத்தார். ஆடுகிறவர்கள் இரு பக்கத்தாரும் சமமென்றால் உபசாரமும் சமமாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். கூச்சல் போட்டுச் சாதிக்கவில்லை; நல்ல அணியைக் கட்டிக்கொண்டு போய்ச் சாதித்தார். இந்த அணியோடு மோதினால்தான் ஆட்டத்துக்குச் சுவை என்ற நிலையை உண்டாக்கிய பின்பு, மரத்தடி வழக்கம் நிலைக்க முடியவில்லை.

இங்கே நாங்கள் ஒரு விஷயத்தை மறைக்காமற் பேச வேண்டும். மர நிழலில் மனிதரை இருத்தியவர்கள் வெள்ளையர் மாத்திரம் அல்லர். அதே ஆண்டுகளில் பூனாவிலே பால்வங்கர் பாலு என்ற ஒப்பற்ற பந்து வீச்சாளர் இருந்தார். ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்தவர். அவர் வீசிய பந்தால் அணி வென்றது. ஆனால் தேநீர் வேளையில் அவருடைய சொந்த அணியினரே அவரை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, மண் கோப்பையிலே தேநீர் கொடுத்தனர். எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் ஒரு காலத்தில் தனிக் குவளை இருந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளையன் எங்களுக்குச் செய்தபோது அநியாயமாகத் தெரிந்தது, நாங்கள் அயலவனுக்குச் செய்தபோது வழக்கமாகத் தெரிந்தது. புச்சி பாபுவின் கதையைப் படித்துப் பெருமைப்படுகிறவர்கள் இந்த உறுத்தலையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

காணாத ஆட்டம்

பம்பாயிலே 1892 முதல் பார்சிக்காரருக்கும் ஐரோப்பியருக்கும் இடையில் ஆண்டுதோறும் பெரும் போட்டி நடந்து வந்தது. சென்னையிலும் இந்தியர் அணி ஒன்று ஐரோப்பியர் அணியைச் சேப்பாக்கத்தில் முறைப்படி எதிர்த்து நிற்க வேண்டும் என்பது புச்சி பாபுவின் கனவு. சேப்பாக்கம் கழகத்தைச் சேர்ந்த பாட்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் அவருக்குத் துணை நின்றார். இருவருமாகத் திட்டமிட்டு, 1908 ஆம் ஆண்டின் இறுதியில் முதலாவது போட்டிக்கு ஏற்பாடு செய்தனர்.

போட்டிக்குச் சில நாட்களே இருந்தபோது புச்சி பாபு காலமானார். நாற்பது வயதுதான். இருபது ஆண்டுகளாக எந்த நாளுக்காகப் பணத்தையும் உடலையும் செலவழித்தாரோ, அந்த நாளை அவருடைய கண்கள் காணவில்லை.

ஆனால் விதை மண்ணில் விழுந்துவிட்டது. மறு ஆண்டிலேயே, 1909 இல், அவர் நினைவாகப் புச்சி பாபு சுற்றுப்போட்டி தொடங்கப்பட்டது. இடையில் நின்று போன காலங்கள் இருந்தாலும், இந்தியாவின் பல மாநில அணிகள் வந்து ஆடும் போட்டியாக அது தழைத்தது. இந்தியர், ஐரோப்பியர் போட்டியும் 1915 முதல் முதல்தரப் போட்டியாக மதிக்கப்பட்டு, பொங்கற் காலத்தில் சேப்பாக்கத்தில் நடந்து வந்தது. பொங்கலென்றால் சென்னை மக்களுக்குக் கரும்பும் அந்த ஆட்டமும் என்றாகிவிட்டது. 1952 வரை அது நீடித்தது.

அந்த 1952 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில்தான் இந்தியா தனது முதலாவது ரெஸ்ற் வெற்றியைப் பெற்றது. தோற்றது இங்கிலாந்து. வென்ற இடம் சேப்பாக்கம்! எங்கள் நாட்டவர் மரத்தடியில் இருந்து சாப்பிட்ட அதே மைதானம்.

பிள்ளைகளும் அயலவரும்

புச்சி பாபுவின் ஆண்மக்கள் துடுப்பாட்டத்தில் பெயர் எடுத்தனர். அவர்களுள் ஒருவரான இராமசுவாமி தாய்வழியில் தத்துக் கொடுக்கப்பட்டு, கோட்டா இராமசுவாமி ஆனார். 1896 இற் பிறந்த இவர் 1922 இல் இந்தியாவுக்காக டேவிஸ் கிண்ண ரென்னிஸ் ஆடினார். 1936 இல், தந்தை உயிர்நீத்த அதே நாற்பது வயதளவில், இங்கிலாந்தில் முதன்முதலாக ரெஸ்ற் போட்டியில் இறங்கி 40, 60 என ஓட்டங்கள் எடுத்தார். இரு விளையாட்டுகளில் நாட்டுக்காக ஆடிய அந்த முதியவர் 1985 ஒக்ரோபரில் ஒரு நாள் வீட்டை விட்டு வெளியேறினார், திரும்பி வரவேயில்லை. அவருடைய முடிவு இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அந்தச் சேப்பாக்கம் எங்கள் நாட்டவருக்கும் இடம் கொடுத்தது. 1947 இல் இலங்கை அணிக்காகத் தமிழரான சதாசிவம் அங்கே 215 ஓட்டங்கள் குவித்தார். 1952 ஆம் ஆண்டுப் பருவம் முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையில் கோபாலன் கிண்ணப் போட்டி நடந்தது. 1982 இல் இலங்கை இந்திய மண்ணில் தனது முதலாவது ரெஸ்ற் போட்டியை ஆடியதும் அங்கேதான். துலீப் மென்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 ஓட்டங்கள் எடுத்தார்.

எங்களுக்கு

இக்காலத்தில் செல்வந்தர்கள் அணிகளை விலைக்கு வாங்குகிறார்கள். 2008 இல் இந்தியாவில் தொடங்கிய வழக்கம் 2020 இல் எங்கள் நாட்டுக்கும் வந்து, யாழ்ப்பாணத்தின் பெயராலும் ஓர் அணி களமிறங்கி முதற் கிண்ணத்தையே வென்றது. மகிழ்ச்சிதான். வியாபாரம் என்பதற்காக அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. புச்சி பாபுவும் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளையே. ஆனால் அவர் அணி வைத்திருந்தது வருமானத்துக்காக அல்ல. வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகளை உள்ளே கொண்டுவருவதற்காகவே.

வெளிநாடுகளில் உழைக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் ஊர் விளையாட்டுக் கழகங்களுக்குப் பணம் அனுப்புகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பணம் கிண்ணத்திலும் பெயர்ப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் முடிந்துவிடுகிறதா, அல்லது சப்பாத்து வாங்க வழியில்லாமல் மைதானத்து ஓரத்தில் நின்று பார்க்கும் பிள்ளையின் காலுக்குப் போய்ச் சேருகிறதா? அனுப்புகிறவர்களும் பெறுகிறவர்களும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் ஊரில் விளையாட்டுப் போட்டி நடக்கும்போது, ஓட்டங்களை எண்ணுவதோடு, இடைவேளையில் யார் யாரோடு இருந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒருவனாவது மர நிழலில் தனித்து இருப்பானாயின், அவனைக் கூப்பிட்டு உங்கள் பிள்ளையின் பக்கத்தில் இருத்துங்கள். புச்சி பாபு இருபது ஆண்டுகள் உழைத்தது அந்த ஓர் இருக்கைக்காகத்தான்.