20 சென்டிமீட்டர் வெட்டி ஒட்டிய கார்... ஸ்கைலைனின் அப்பா சகுராய் கதை!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறியிருக்கீங்களா? சின்ன கார், உள்ளே அஞ்சு பேர், டிக்கியில சாப்பாட்டு மூட்டை. முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் பாட்டு சத்தமா ஓடும். ரெண்டாவது வளைவுல செகண்ட் கியர். மூணாவதுல யாராவது ஒருத்தர் ஏசியை ஆஃப் பண்ணச் சொல்வாங்க. இன்ஜின் முக்கும், வண்டி நகராது. பெரியார் அருவிகிட்ட வண்டியை ஓரங்கட்டி நிக்கும்போது, இதே வண்டியில இன்னும் பெரிய இன்ஜின் ஒண்ணை வெச்சா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தோணியிருக்கும்.

ஜப்பான்ல ஒரு மனுஷனுக்கும் அப்படித் தோணுச்சு. உங்களுக்கும் அவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவர் ரம்பத்தை எடுத்துட்டார். ஷினிசிரோ சகுராய். ரேஸ் கேம்ல நீங்க தேடித்தேடி எடுக்குற நிஸான் ஸ்கைலைனுக்கு அப்பானு ஜப்பான்காரங்க கூப்பிடுறது இவரைத்தான்.

1929-ல யோகஹாமாவுல பிறந்தவர். மெக்கானிக்கல் படிச்சு முடிச்சதும் கார் கம்பெனி வேலை கிடைக்கல. போர்ல தோத்த நாடு, பாதி ஊர் சாம்பல், யார் கார் வாங்குவா? ஒரு கட்டுமானக் கம்பெனியில சேர்ந்து கான்கிரீட் கலவை இயந்திரங்களோட மல்லுக்கட்டினார். 1952-ல பின்னாடி பிரின்ஸ்னு பேரெடுத்த கார் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கம்பெனியே ஒரு விநோதம். போர்க்காலத்துல விமானமும் விமான இன்ஜினும் செஞ்சவங்க, அதுக்குத் தடை வந்ததும் கார் பக்கம் திரும்பினாங்க. கார் டிசைன் பண்றப்பகூட விமானத்துக்குப் பார்க்குற மாதிரி எடையையும் துல்லியத்தையும் பார்த்த கூட்டம் அது.

1957-ல முதல் ஸ்கைலைன் வந்தப்போ, அதோட சேஸி வேலையில சகுராய் இருந்தார். 1963-ல ரெண்டாவது தலைமுறை வந்தது. 1.5 லிட்டர், 4 சிலிண்டர், 70 குதிரைசக்தி. குடும்பத்தோட கோயிலுக்குப் போய்ட்டு வர நல்ல கார். அவ்வளவுதான்.

அதே 1963 மே மாசம் சுஸுகாவுல முதல் ஜப்பான் கிராண்ட் ப்ரீ நடந்தது. கம்பெனிகள் நேரடியா மோதக் கூடாது, கார்களைச் சும்மா ஓட்டிக் காட்டினா போதும்னு எல்லாரும் பேசி வெச்சிருந்தாங்க. பிரின்ஸ் அந்தப் பேச்சை நம்பி சாதா கார்களையே அனுப்பிச்சு. மத்தவங்க உள்ளுக்குள்ள ரெடியாகி வந்திருந்தாங்க. பிரின்ஸ் செம அடி வாங்குச்சு. கம்பெனி சேர்மன் யார் தெரியுமா? ஷோஜிரோ இஷிபாஷி. உங்க வண்டியிலயே அவர் டயர் ஓடிக்கிட்டிருக்கலாம், பிரிட்ஜ்ஸ்டோனை ஆரம்பிச்சவர் அவர்தான். அவருக்கு வந்த கோபம் மொத்தமும் இன்ஜினீயர்கள் தலையில இறங்குச்சு. அடுத்த வருஷம் ஜெயிச்சே ஆகணும்.

1.5 லிட்டர் இன்ஜினை எவ்வளவு பிழிஞ்சாலும் ஜெயிக்கிற அளவுக்குச் சாறு வராதுனு சகுராய்க்குத் தெரியும். ஆனா அதே கம்பெனியோட குளோரியாங்கற பெரிய காருக்குள்ள 1,988 சிசி, 6 சிலிண்டர் இன்ஜின் இருந்தது. அதைத் தூக்கி இதுல வெச்சிட்டா? சொல்றதுக்கு ஈஸி. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில நிக்குற இன்ஜின் அது. நாலு பேர் உக்கார்ற பெஞ்சுல ஆறு பேரை உக்கார வைக்கிற கதை. ஸ்கைலைனோட பானெட்டுக்குள்ள இடமே இல்ல.

அதனால காரை வெட்டினாங்க. டிரைவர் காலுக்கு முன்னாடி, இன்ஜின் அறையைப் பிரிக்கிற தகடுக்கு அந்தப் பக்கம் அறுத்து, 20 சென்டிமீட்டர் நீளத்துக்குப் புதுசா இரும்பைச் சேர்த்து வெல்டிங் பண்ணி, முன் சக்கரங்களையும் அதே அளவு தள்ளி வெச்சாங்க. 2,390 மில்லிமீட்டரா இருந்த வீல்பேஸ் 2,590 ஆச்சு. முன்கதவும் அதுக்குப் பின்னாடி இருக்குறதும் பழைய குடும்பக் கார். அதுக்கு முன்னாடி மட்டும் மூக்கு நீண்ட வேற ஏதோ ஒண்ணு. இன்னிக்கும் போட்டோவைப் பார்த்தா, சின்னப் பையன் அண்ணனோட ஷூவைப் போட்டுக்கிட்டு நிக்குற மாதிரியே எனக்குத் தோணும்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பெரிய இன்ஜினை வெச்சதும் வேலை முடியல, அங்கேதான் ஆரம்பிச்சது. மூக்குல எடை ஏறிடுச்சு, பின்பக்கம் லேசாகிடுச்சு. பவரோ பின் சக்கரத்துக்குத்தான் போகுது. வளைவுல ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா உள்பக்கச் சக்கரம் சும்மா சுத்தும், வால் வெளியே போகும். அடுத்த வருஷம் கடைக்கு வந்த 2000 ஜிடி-பி மாடல்ல, ரெண்டு பின் சக்கரத்துக்கும் பவரைப் பங்கு பிரிச்சுக் கொடுக்குற லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலே வெச்சாங்க. கூடவே இத்தாலியோட வெபர் கார்புரேட்டர் மூணு, 99 லிட்டர் பெட்ரோல் டேங்க். 105 குதிரைசக்தி இன்ஜின் 125 ஆச்சு. ஒரு பார்ட்டை மாத்தினா அது அடுத்த நாலு பார்ட்டை இழுத்துக்கிட்டு வரும்னு மெக்கானிக் அண்ணனுங்க உங்ககிட்ட தலைபாடா அடிச்சிக்கிறாங்களே, அதேதான்.

ரேஸுக்கு வருவோம். ஜிடி பிரிவுல ஓடணும்னா 100 கார் செஞ்சு காட்டணும்ங்கறது விதி. செஞ்சாங்க. 1964 மே 3. பிரின்ஸ்தான் ஜெயிக்கும்னு ஊரே நம்பிக்கிட்டிருந்தப்போ, கடைசி நேரத்துல ஒரு போர்ஷே 904 ஜெர்மனியிலிருந்து வந்து இறங்குச்சு. ரேஸுக்குன்னே பிறந்த வண்டி. தரையோட ஒட்டி, இன்ஜின் நடுவுல. அதுக்குப் பக்கத்துல வெட்டி ஒட்டின ஸ்கைலைன், லாரி மாதிரி நின்னது. பயிற்சியில அந்த போர்ஷே இடிச்சு நசுங்கியும்கூட, ராவோட ராவா சரி பண்ணிக் கொண்டுவந்து நிறுத்திட்டாங்க.

ரேஸ்ல போர்ஷே முன்னாடி போயிடுச்சு. ஆனா 7-வது சுற்றுல டெட்சு இகுஸாவா ஓட்டின ஸ்கைலைன் அதை முந்திடுச்சு. பார்வையாளர் மாடத்துக்கு முன்னாடி முதல்ல வந்தது ஜெர்மன் கார் இல்ல, நாலு கதவு வெச்ச ஜப்பான் குடும்பக் கார்! அந்த முன்னிலை ரொம்ப நேரம் நிக்கல. போர்ஷே மறுபடி முந்தி ஜெயிச்சது. 2-லிருந்து 6 வரைக்கும் எல்லா இடமும் ஸ்கைலைனுக்கு. ஜெயிச்ச காரை விட்டுட்டு, தோத்த காரைப் பத்தித்தான் ஜப்பான் அறுபது வருஷமா பேசிக்கிட்டிருக்கு.

நம்ம ஊர்லயும் இந்த மாதிரி ஒருத்தர் இருந்தார். கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800-ல இருக்குற அதே சுஸுகி இன்ஜினை எடுத்து, ஒத்தை ஆள் உக்கார்ற ரேஸ் காருக்குள்ள வெச்சு, ஃபார்முலா மாருதினு ஒரு வகையையே உருவாக்கினவர். 1995-ல விபத்துல போய்ட்டார். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக் இன்னிக்கு அவர் பேர்லதான் இருக்கு. அவர் கதையைத் தனியாவே எழுதணும்.

சகுராய் அந்தத் தோல்வியை அப்படியே விடல. அடுத்து ஆர்380-னு முழு ரேஸ் காரே செஞ்சார். 1966-ல ஃபூஜி டிராக்ல போர்ஷே 906-ஐத் தோற்கடிச்சு அது முதலிடம் வந்தது. கணக்கு நேர். ஆனா சில மாசத்துல பிரின்ஸ் கம்பெனியே நிஸானோட கலந்து காணாமப் போச்சு. சகுராயோட கார் மட்டும் தப்பிச்சது. 1969-ல ஆர்380-யோட இன்ஜின் வழியில வந்த 24 வால்வு இன்ஜினை, பெட்டி மாதிரி இருக்குற சாதா ஸ்கைலைனுக்குள்ள வெச்சு முதல் ஜிடி-ஆரைக் கொண்டுவந்தார். 160 குதிரைசக்தி. மூணு வருஷத்துக்குள்ள 50 ரேஸ் ஜெயிச்சது. அடுத்த ஜிடி-ஆர் 1973-ல வந்தப்போ புகைக் கட்டுப்பாடு வந்து கழுத்தைப் பிடிச்சது. 197 கார் வித்ததோட கதை முடிஞ்சது.

அதுக்கப்புறம் வந்த வருஷங்கள் அவருக்கு இறக்கம்தான். புகையைக் குறைக்கக் குறைக்க பவரும் குறைஞ்சது. பேருக்கு மட்டும் ஜிடினு போட்டுக்கிட்டு ஓடுற கார்களைக் கிண்டலடிச்சு டொயோட்டா விளம்பரமே போட்டது. 1980-ல ஸ்கைலைன்ல டர்போ வந்தது. வெளியே வீணாப் போற புகையை வெச்சே காத்தாடியைச் சுத்தி, இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் திணிக்கிற வேலை அது. சின்ன இன்ஜின், பெரிய பவர். 1983-ல டர்போ ஆர்எஸ் 190 குதிரைசக்தியைத் தொட்டது, மறு வருஷம் இன்டர்கூலரோட 205. அந்தக் காலத்துக்குப் பேய் வண்டி. ஆனாலும் அதுக்கு ஜிடி-ஆர்னு பேர் வைக்கல. ஆறு சிலிண்டர் இல்லாததுக்கு அந்தப் பேர் கிடையாதுங்கறதுதான் காரணம்னு சொல்லப்படுது. இவ்வளவு பிடிவாதமான ஆள்கிட்ட வேலை பார்க்குறது கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.

1984 கடைசியில, ஏழாவது ஸ்கைலைன் கிட்டத்தட்ட முடியுற நேரம். சகுராய் உடம்புக்கு முடியாமப் படுத்துட்டார். பிரின்ஸ் காலத்திலிருந்து அவர்கிட்ட வேலை கத்துக்கிட்ட நகனோரி இடோ கைக்கு கார் போச்சு. 1985-ல வெளியானதும் பத்திரிகைகள் கிழிச்சுத் தொங்கவிட்டன. சொகுசு கார் ஆகிடுச்சு, இது ஸ்கைலைனே இல்லைனு திட்டு. வரைஞ்சது குரு, வாங்கிக் கட்டிக்கிட்டது சிஷ்யன். சகுராய் குணமாகித் திரும்பினப்போ, 1986-ல ஆடெக்னு நிஸான் ஆரம்பிச்ச கம்பெனிக்குத் தலைவரா அனுப்பிட்டாங்க. ஸ்கைலைன் அவர்கிட்ட திரும்பி வரவே இல்ல.

16 வருஷம் கழிச்சு, 1989-ல ஜிடி-ஆர் மறுபடி வந்தது. செஞ்சது இடோ. ஆறு சிலிண்டர், ரெண்டு டர்போ, 2,568 சிசி. ஏன் இப்படி ஒரு விநோதமான அளவு? அப்போதைய ரேஸ் விதிப்படி, டர்போ இருந்தா கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கணும். பெருக்கிப் பாருங்க, 4,366 வரும். 4,500 பிரிவுக்குள்ள கச்சிதமா உக்காரும். ஜப்பான் டூரிங் கார் போட்டியில 1990-லிருந்து 1993 வரைக்கும் 29 ரேஸ், 29-லயும் ஜிடி-ஆர்தான்.

சகுராய் செஞ்ச அதே வேலையை அந்தக் கார்ல இன்னும் பண்றாங்க. ஆஸ்திரேலியாவுல ஹோல்டன் கொமடோர்னு ஒரு கார்ல நிஸானோட 3 லிட்டர் இன்ஜின் இருந்தது. ஜிடி-ஆர் இன்ஜினுக்கும் அதுக்கும் சிலிண்டர் அகலம் ஒண்ணேதான், 86 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் மட்டும் 73.7-க்குப் பதிலா 85. கீழே அந்த பிளாக், மேலே ஜிடி-ஆர் ஹெட், பக்கத்துல டர்போ. என்ன லாபம்? டர்போ விழிக்கிறதுக்குள்ள வண்டி படுத்துக்காது. வெள்ளிமலை வளைவுல நீங்க படுற பாடு இதுதானே, குறைஞ்ச ஆர்பிஎம்-ல இழுவை இல்லாதது. கொள்ளளவு கூடினா அந்த இழுவை வந்துடும். ஆனா பிளாக் உயரம் அதிகம், பானெட் மூடாம இடிக்கும். சகுராய் நீளத்துக்குப் போராடினார், இவங்க உயரத்துக்குப் போராடுறாங்க.

நம்ம ஊர்ல முயற்சி பண்ற ஐடியா இருந்தா ஒண்ணு: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியோட அசல் வடிவத்தை இஷ்டத்துக்கு மாத்த விடாது. இன்ஜினை மாத்துறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ் படி ஏறணும். ஏறாம விட்டா அபராதம் போக, விபத்து நடந்தா இன்ஷூரன்ஸும் கையை விரிச்சிடலாம். மலையில இறங்கும்போது பிரேக்தான் வண்டியைப் பிடிக்கணும், அதோட அளவு பழைய இன்ஜினுக்குப் போட்டதுங்கறதையும் மறந்துடாதீங்க.

2007 டிசம்பர்ல நிஸான் அடுத்த ஜிடி-ஆரை விக்க ஆரம்பிச்சது. 3.8 லிட்டர், ரெண்டு டர்போ. பேர்ல ஸ்கைலைன்ங்கற வார்த்தையையே எடுத்துட்டாங்க. அப்போ சகுராய்க்கு 78 வயசு. 2011 ஜனவரி 17-ல காலமானார்.