கப்பலுக்குச் சொந்தக்காரர்: வ.உ.சி.யின் வாழ்க்கை



மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டு, ஒருவர் ஏன் சொந்தத் தொழில் தொடங்குகிறார்? பணத்துக்காக என்பது பாதிப் பதில்தான். தன் பொருளுக்கும் உழைப்புக்கும் வேறொருவர் விலை சொல்வதைப் பொறுக்க முடியாதவர்களே பெரும்பாலும் தொழிலில் இறங்குகிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். அதற்கு நம் தமிழ்க் கரையில் வாழ்ந்த பெரும் சான்று வ.உ.சிதம்பரம் பிள்ளை.

தூத்துக்குடிக்காரருக்குப் பினாங்குப் பொன்விழா மலரில் என்ன இடம் என்று கேட்கலாம். 1801இல் நம் ஊரில் பள்ளிவாசல் கட்டிய கப்பித்தான் கிளிங் காதர் முகைதீன் காலத்தில், சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் சொந்தப் பாய்க்கப்பல்களில் சரக்கேற்றி இங்கே வந்தார்கள். நீராவிக் கப்பல் வந்தபின் கடல் வேறு கைகளுக்குப் போனது. நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய ரஜுலா கப்பல், பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியுடையது. கப்பல் வைத்திருந்த சமூகம் டிக்கெட் வாங்கும் சமூகமானது. ரஜுலா ஓடத் தொடங்குவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, அதே கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வ.உ.சி.

அவர் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல், மகனும் வக்கீலானார். 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். வருமானத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் போகும் ஆளும் சரக்கும் ஆங்கிலக் கம்பெனியின் கப்பலையே நம்பியிருந்தன. கட்டணம் என்னவென்று சொல்வது கம்பெனி. கொடுப்பது நம் வணிகர்கள். சுதேசிப் பொருளை வாங்குங்கள் என்று நாடெங்கும் குரல் எழுந்த நேரம் அது. பொருள் சுதேசியாக இருந்து அதை ஏற்றும் கப்பல் அந்நியருடையதாக இருந்தால் பயன் என்ன என்று அவர் எண்ணினார்.

முதலில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடமிருந்து கப்பல்களை வாடகைக்கு எடுத்தார். ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால் அவை திரும்பப் போயின. வாடகைக் கப்பலிலும் பிடி அடுத்தவர் கையில்தான் என்பது தெளிவானது. 1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். இந்த முஸ்லிம் பெருவணிகர் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். முதலில் ஐந்தில் ஒரு பங்கு அவருடையது. யோசனை சொன்ன வ.உ.சி.யோ உதவிச் செயலாளராக இருந்துகொண்டார்.

1907இல் காலியோ, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. விலைப்போர் தொடங்கியது. ஆங்கிலக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக இறக்கியது. பிறகு அவர்கள் இலவசப் பயணத்தோடு குடையும் தந்தார்கள் என்று சொல்வதுண்டு. பல வழிகளில் கப்பல் விட்ட அந்தக் கம்பெனிக்கு ஒரு வழியில் வரும் நட்டம் பெரிதல்ல. இரண்டே கப்பல் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு நடையின் நட்டமும் முதலைத் தின்றது. நம் கடைகளும் இன்று இந்தக் கணக்கைத்தான் பார்க்கின்றன. எதிரே பேரங்காடி வந்து விலையைக் குறைக்கும்போது, அதன் நட்டத்தை அதன் மற்ற கிளைகள் தாங்கும்; நம் நட்டத்தைத் தாங்க நம் கல்லாப்பெட்டி ஒன்றுதான்.

வ.உ.சி.க்கு நியாயம் தன் கப்பலோடு நின்றுவிடவில்லை. 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்றார். கூலியும் கூடியது, ஓய்வும் கிடைத்தது. முதலாளியாவதற்கு உழைத்தவர், தொழிலாளியின் பக்கமும் நின்றது பெரிய விஷயம்.

அரசு பொறுக்கவில்லை. 1908 மார்ச் 12ஆம் நாள் கைது செய்தது. இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். அவர் உள்ளே இருந்தபோதே, 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது; கப்பல்கள் போட்டிக்காரர்களிடமே போயின. 1912 டிசம்பரில் விடுதலையானபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் உரிமமும் இல்லை.

அதன்பின் அவர் செய்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கடலில் கப்பல் விட்டவர், சென்னையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றார். சின்னக் கடை என்று வெட்கப்படவில்லை. கடையில் செழிக்கவுமில்லை. பின்னர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி முயன்று வக்கீல் உரிமத்தைத் திரும்பப் பெற்றுத் தந்தார். அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடி, 1936 நவம்பர் 18ஆம் நாள் காலமானார்.

அவர் தோற்றார் என்று சிலர் சொல்லலாம். விலைப்போரும் சிறையும் சேர்ந்து அந்தக் கம்பெனியைச் சாய்த்தன என்பதே எங்கள் கருத்து. அதை நடத்தும் தைரியம் ஒரே மனிதரிடம் இருந்ததால், அவரை எடுத்ததும் மற்றவை நிற்கவில்லை. பக்கீர் சேட் போன்றவர்களின் பணம் சேர்ந்தது. அவர் இடத்தில் நிற்க இன்னொருவர் சேரவில்லை.

நம் சங்கத்துப் பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்குகிறார்கள். சிலர் சம்பள வேலைக்குப் போவார்கள். அதில் குறைவேதும் இல்லை. சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்கள் இரண்டைக் கேட்டுக்கொள்ளட்டும். நம் விலையை இப்போது யார் முடிவு செய்கிறார்கள்? நாம் ஒரு மாதம் படுத்துவிட்டால் கடையைத் திறப்பவர் யார்? முதல் கேள்வி தொழிலைத் தொடங்கவைக்கும். இரண்டாவதுக்குப் பதில் இருந்தால்தான் தொழில் நிற்கும். அந்தப் பதிலைத் தேடித்தர, கூட்டாளியாகவோ கடனாகவோ ஆலோசனையாகவோ கைகொடுப்பது மூத்த வியாபாரிகளான நம் கடமை.